கட்டிங் மாஸ்டர் நட்ட செடி

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிட்டாலும், வெளியில் அவருக்குக் கட்டிங் மாஸ்டர் என்றுதான் பெயர். தையல் கம்பெனியில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேல்துணியில் கோடு போட்டு, மெஷினை ஓட்டி ஒரே இழுப்பில் வெட்டுகிற வேலை. கை அவ்வளவு வேகம். வாயும் காதும்தான் அவருக்கு வீட்டில் தேவைப்படவே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள். பால் வாங்கப் போனால் பால்காரர் மச்சினி கதைவரை கேட்டுக்கொண்டு வந்து, அதை அவரிடம் மூன்று தடவை சொல்வாள். அவர் "ம்" கொட்டுவார், அதுவும் தப்பான இடத்தில். செவிடன் காதில் சங்கு ஊதுகிறேன் என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள்; அலுத்துக்கொண்டே நாலாவது தடவையும் போய் ஊதுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போனது, பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "இல்ல." தண்ணீர் வேண்டும் என்றாலும் இல்ல, வேண்டாம் என்றாலும் இல்ல. என்னைப் பார்த்துச் சிரித்தால் அதுவும் இல்ல. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், சொல்லை விட்டுவிடுங்கள், குரல் ஏறுகிறதா இறங்குகிறதா, கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள் என்றாள். எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பசிக்கிற இல்ல வேறு, வலிக்கிற இல்ல வேறு. மாமாவுக்கு எல்லா இல்லையும் இல்லைதான். மனிதரைக் குறை சொல்லக் கூடாது, வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே கிடந்தார். துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டு, எதிலும் முகம் சுளித்ததில்லை. காது கொடுத்துக் கேட்க மட்டும் அவருக்கு வரவில்லை.

அவள் கண்ணெதிரே ஏதாவது அசையட்டும் என்று ஒரு பழைய மீன்தொட்டியை வாங்கிவந்து, கட்டிலை ஒட்டிக் குட்டை ஸ்டூலில் வைத்தார். படுத்திருப்பவள் கண்ணுக்கு நேராகத் தொட்டியின் அடிப்பாகம் வரும். கப்பி மீன்கள் விட்டார். மொட்டையாக இருக்கிறதே என்று கடையில் செடி கேட்டபோது, கடைக்காரர் நீளத் தண்டுகளாக ஒரு கட்டு கொடுத்து, "இது தலைகீழா நட்டாக்கூட வளரும் சார். நீளமா போச்சுன்னா நுனியை வெட்டிப் பக்கத்துல சொருகுங்க, அதுவும் வளரும்" என்றாராம். வெட்டுவது என்றதும் மாமாவுக்கு ஏகச் சந்தோஷம். ஸ்கேல் வைத்த மாதிரி இடைவெளி விட்டு ஒவ்வொரு தண்டாக மணலில் நட்டார்.

கடைக்காரர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தச் செடியைப் பண்ணையில் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்த்திருக்கிறார்கள். தொட்டியில் மூழ்கியதும் பழைய இலையெல்லாம் கரைந்து போகும். அப்புறம் தண்டின் கணுக்களில் தண்ணீருக்கென்றே வேறு இலை, மெல்லிசாகப் புறப்படும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும், வேறு பராமரிப்பே கிடையாது.

இலைகள் கண்ணாடித்தாள் மாதிரி ஆகி, சளியாகத் தொங்கின. மாமா நின்றபடி மேலேயிருந்து எட்டிப் பார்ப்பார். அவருக்குச் சளிதான் தெரியும். அந்த நாட்களில்தான் அக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தி, "இல்ல? இல்ல?" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். ஆமாம், ஒன்றும் இல்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இவரும் ஒத்து ஊதியிருக்கிறார்.

கம்பெனியில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மேல்துணியில் கறை தெரிந்தால் அடிவரைக்கும் இறங்கியிருக்கும் என்று, அடியில் இருப்பதைப் பிரித்துப் பார்க்காமலே முழு அடுக்கையும் தள்ளிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கையால் செடிகளையும் பிடுங்கினார். அக்கா இல்ல, இல்ல என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள், இடது கையால் கட்டில் கம்பியை அடித்திருக்கிறாள். "ஆமா, இல்லதான். செத்துப்போச்சு. அதுக்கு ஏன் அழற, வேற வாங்கித் தரேன்" என்று சொல்லியபடியே கடைசித் தண்டையும் உருவி வாளியில் போட்டுவிட்டார்.

நான் மத்தியானம் போனபோது வாளி கொல்லைக் கதவோரம் இருந்தது. ஒரு தண்டை எடுத்துப் பார்த்தேன். அடிக்கணுக்களில் நகம் அளவுக்குப் பச்சை இலை, இரண்டிரண்டாக. எல்லாத் தண்டிலும் இருந்தது. வெயிலில் வாடத் தொடங்கியிருந்தது.

மாமாவிடம் நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்க் கட்டிலோரம் மண்டியிட்டு, அக்காவின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையைச் சாய்த்துத் தொட்டியைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் மணலும் அடித்தண்டும் இருந்த இடம்தான் முதலில் தெரியும். நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"துளிர் அழகா இருக்கு, 'இல்ல?'ன்னு உங்களைக் கேட்டிருக்கா மாமா. இத்தனை நாளா அதைத்தான் கேட்டிருக்கா."

அவர் எழுந்திருக்கவில்லை.

வாடாமல் தப்பிய தண்டுகளைச் சாயங்காலமே திரும்ப நட்டார். கடைக்காரர் வாக்குப் பொய்க்கவில்லை, செடி தொட்டியின் விளிம்புவரை ஏறிவிட்டது. அக்காதான் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊட்டினால் விழுங்குகிறாள். ஒரு சத்தம் இல்லை. மறுபடி சோதித்த டாக்டர் மூளையில் புதிதாக ஒன்றும் ஆகவில்லை என்கிறார். எனக்குத் தெரியும். முப்பது வருஷம் வாய் ஓயாமல் சொல்லிப் பார்த்தாள். கடைசியாக மிஞ்சியிருந்த ஒரே சொல்லையும் சொல்லிப் பார்த்தாள். இனி எதற்குப் பேச வேண்டும்? அவர்மேல் எனக்கு ஆறாத கோபம். அவர் படும் பாட்டைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

போன வாரம் போயிருந்தேன். மாமா நுனிகளை வெட்டிக் கை நிறைய வைத்துக்கொண்டு, கட்டிலைச் சுற்றிப்போய் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இவற்றை நடட்டுமா, வேண்டாமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவள் உதட்டையே பார்த்தபடி காத்திருந்தார். இவ்வளவு நேரம் அவர் யாருக்காகவும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"ஆமான்னு சொல்ல வேணாம்மா. இல்லன்னாவது சொல்லு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பதிலுக்காகக் குனிந்தபடியே இருந்தார்.