லாரி நம்பர்தான் பாஸ்வேர்டு

எடைமேடைக்காரனுக்குப் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. லாரிக்காரர்களுக்கு அவன் கிலோ. வயதில் சின்னவர்களுக்குக் கிலோ அண்ணன். ஜல்லி ஏற்றிய லாரி மேடையில் ஏறி நின்றால் திரையில் என்ன எண் வருகிறதோ அதுதான் சீட்டில் இருக்கும். ஒருமுறை ஒரு குவாரிக்காரர் மேசைமேல் கனமான உறை ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினார். கிலோ அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இருநூறு கிராம் இருக்கும் சார். சீட்டுப் போடட்டுமா?" என்று கேட்டான். அதற்கப்புறம் அந்த மனுஷன் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

பதினாறு வருஷமாக அவனுடைய உலகம் பத்துக்குப் பத்து. மூன்று பக்கம் கண்ணாடி, மேலே தகரம், ஒரு மேசை, கம்ப்யூட்டர், பிரிண்டர், ஒரு ஃபேன். அந்த ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சுற்றும். கல்தூசி போனால் மெஷின் கெட்டுவிடும், மனுஷன் கெட்டால் லீவு போட்டுக்கொள்ளலாம் என்பது முதலாளியின் நியாயம். கிலோ அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. சுளித்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

லாரி மேடையில் நிற்கும் மூன்று நிமிஷத்தில் டிரைவர் சீட்டு வாங்க உள்ளே வருவான். வந்தவன் சும்மா போகமாட்டான். "அண்ணே, வீட்டுக்கு ஒரு அஞ்சாயிரம் தட்டி விடுண்ணே." ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த அந்த விரல்களுக்கு ஓர் எழுத்தை அமுக்கினால் மூன்று விழும். அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் பாங்க் கணக்கைத் திறந்து எல்லாருக்கும் தட்டச்சு செய்தது கிலோதான். பாஸ்வேர்டு மறந்து மறந்து கணக்கு முடங்கியபோது யோசனை சொன்னவனும் அவன்தான். "உங்க வண்டி நம்பரையே வெச்சுக்குங்கப்பா. அதையாச்சும் மறக்காம இருப்பீங்க." வைத்துக்கொண்டார்கள். உலகத்திலேயே பாஸ்வேர்டை வண்டியின் பின்பக்கம் பெயின்ட்டில் எழுதி ஊர்வலம் விட்ட கூட்டம் இவர்களாகத்தான் இருக்கும்.

இதற்கு முதலாளியின் சம்மதம் உண்டு. டிரைவர் சந்தோஷமாக இருந்தால் லோடு இங்கே வரும். ஆனால் கிலோ தன் சொந்தக் கணக்கை மட்டும் அந்த மெஷினில் ஒருநாளும் திறந்ததில்லை. முதலாளி வீட்டுக் கரண்டில் சொந்த வேலை பார்ப்பது திருட்டு என்று அவன் முடிவு. தன் கணக்கை வீட்டில் போனில் மட்டும் பார்ப்பான். இந்த நேர்மைதான் பின்னால் அவன் விரல்களை உடைத்தது.

அந்த டிரைவர்களில் ஒருவன் அவன் மனைவியின் தம்பி. ஒன்பது வருஷம் ஊரான் வண்டியை ஓட்டி, டீயைக்கூடப் பாதி குடித்துச் சேர்த்தவன். வரும் வெள்ளிக்கிழமை சொந்தமாக ஒரு பழைய லாரிக்கு முன்பணம் கட்டிப் பத்திரம் முடிக்க இருந்தான். வண்டியைப் பார்த்துவிட்டு வந்த அன்று அக்காள் வீட்டில் உட்கார்ந்து, அதன் பானெட் எப்படி இருக்கும், ஹாரன் எப்படிக் கத்தும் என்று வாயால் கத்தியே காட்டினான். அக்காள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வினை ஒரு மெயிலில் வந்தது. 'உங்கள் எடைச்சீட்டில் தவறு உள்ளது. விவரம் இணைப்பில்.' பரிசு விழுந்திருக்கிறது என்று வந்திருந்தால் கிலோ சிரித்துவிட்டு அழித்திருப்பான். என் சீட்டில் தவறா? அவனுக்குச் சுருக்கென்றது. இணைப்பைத் திறந்தான். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி திறந்தான். 'இணைப்பு திறக்கவில்லை, தயவுசெய்து திரும்ப அனுப்பவும்' என்று மரியாதையாகப் பதில் வேறு போட்டான். வர வேண்டியது அதற்குள் மெஷினில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அது ஒன்றும் செய்யாமல் சில வாரம் கிடந்தது. கிலோ தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் எங்கேயோ இருந்த எவனுக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை, வாரக்கூலி கணக்கில் ஏறிய நாளில், திரையில் பாங்க்கின் இணையப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. பாங்க்கின் அதே நீலம், அதே முத்திரை. 'பாதுகாப்புச் சோதனை. உங்கள் போனுக்கு வந்த எண்ணை மீண்டும் இடவும். காத்திருக்கவும்.' கிலோ கேட்டான், டிரைவர்கள் வாசித்தார்கள், அவன் தட்டினான். "பாங்க்குக்காரனுக்குத் திடீர்னு நம்ம மேல பாசம் வந்துடுச்சு" என்று கிண்டல்கூடச் செய்தான். இருபத்தாறு பேருக்கு அப்படித் தட்டினான். எண்ணோடு வந்த மெசேஜில் பணம் வெளியே போகிறது என்று எழுதியிருந்ததை அவர்களில் ஒருவனும் படிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை டீசல் போடப் போனவனின் கார்டு செல்லவில்லை. அடுத்தவனுடையதும் செல்லவில்லை. கணக்குகள் காலி. பத்து மணிக்குக் கிலோ பாங்க்குக்குப் போன் செய்தான். அங்கே பேசிய பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்த கம்ப்யூட்டரை அணைக்காதீங்க. யாரும் தொடக்கூடாது. எங்க ஆள் மத்தியானம் ஒரு மணிக்குள்ள வந்து எடுத்துக்குவார். திருட்டு அது வழியாதான் நடந்துச்சுன்னு காட்ட அது ஒண்ணுதான் இருக்கு. அது இல்லைன்னா, நீங்களே நம்பரைக் கொடுத்தீங்கன்னு பணத்தைத் திருப்பித் தர மறுத்துடுவாங்க."

கிலோ அறையைப் பூட்டிக்கொண்டான். சாவியை உள்பக்கமாகவே திருப்பியது முட்டாள்தனம். பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறவனைப் பார்த்தால் வெளியே நிற்கிறவனுக்கு என்ன தோன்றும்? பதினொரு மணிக்கு வெளியே இருபது பேருக்குமேல் இருந்தார்கள். பாங்க் ஆள் வருவார் என்று கண்ணாடி வழியே அவன் கத்தியது அவர்கள் போட்ட சத்தத்தில் ஒருவர் காதிலும் ஏறவில்லை. எல்லாருடைய பாஸ்வேர்டும் தெரிந்த ஒரே ஆள் உள்ளே இருக்கிறான். அதோடு அவன் கணக்கில் ஒரு பைசா குறையவில்லை என்பதும் எப்படியோ தெரிந்துவிட்டது. சொன்னது வேறு யாருமில்லை, மச்சினன்தான். வரும் வழியில் அக்காளுக்குப் போன் போட்டு, "உங்க பணம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். அவள் கள்ளம் தெரியாமல் இருக்கு என்று சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் கண்ணாடி ஒரே அடியில் போனது. வீல் ஸ்பேனரோடு முதலில் உள்ளே இறங்கியவன் மச்சினன். பின்னால் நாலு பேர்.

"என் காசு எங்க மாமா?"

"மாப்ளே, நான் சொல்றதைக் கேளு..."

சொல்வதற்குள் வாயில் குத்து விழுந்தது. பல்லொன்று நாக்கின்மேல் கிடந்தது. தலைமுடியைப் பிடித்து ஒருவன் இழுத்தான். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். உதைத்தவனின் மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டித் தந்தது போன வருஷம் கிலோதான். அதைச் சொல்லிக்காட்ட அவனுக்கு மூச்சில்லை. கண்ணாடித் தூள்மேல் உருண்டு எழுந்தபோது ஒருவன் பிரிண்டரைத் தூக்கித் தரையில் அடித்தான். அடுத்து கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான்.

கிலோ அதன்மேல் விழுந்தான். இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேசையோடு மேசையாக ஒட்டிக்கொண்டான்.

"என்னை அடிங்கடா! இதைத் தொடாதீங்க!"

வேறெதைச் சொல்லியிருந்தாலும் தேவலை. "பாரு, பெட்டியைக் காப்பாத்துறான்! எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு!" என்று ஒருவன் கத்தினான். பெல்ட்டைக் கழற்றி முதுகில் விளாசினார்கள். சட்டை கிழிந்தது, தோலும் கிழிந்தது. பிடி விடவில்லை. அப்போது மச்சினன் ஸ்பேனரை ஓங்கி, மேசை விளிம்பைப் பிடித்திருந்த வலது கையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. கிலோ அலறிய அலறலில் எல்லாரும் ஒரு நொடி நின்றுவிட்டார்கள்.

அந்த நொடியில்தான் அவனுக்கு வழி தோன்றியது.

"என் கணக்கு இருக்குல்ல?" என்றான். ரத்தம் மோவாயில் வழிந்தது. "அதை இதுல நான் திறந்ததே இல்லை. இப்பத் திறக்கிறேன். உங்க கண்ணு முன்னால. பாத்துட்டு அப்புறம் கொல்லுங்க."

மச்சினன் ஸ்பேனரைத் தாழ்த்தவில்லை.

கிலோ நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பாஸ்வேர்டைத் தட்டினான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனும் மனைவியும் இரண்டு அறை வீட்டுக்காகச் சேர்த்த பணம் திரையில் வந்தது. கூடவே அந்த நீலக் கட்டமும் வந்தது. 'காத்திருக்கவும்.' எல்லாரும் சனிக்கிழமை பார்த்த கட்டம். போனில் வந்த எண்ணைத் தட்டினான். அவளைக் கேட்காமல் அவளுடைய பணத்தை நெருப்பில் போடுகிறோம் என்று அவனுக்குத் தெரியும்.

திரையில் வட்டம் சுற்றியது. இரண்டு நிமிஷம் இருக்கும். மேசைமேல் போன் துள்ளியது. கிலோ அதை எடுக்கவில்லை. மச்சினன்தான் எடுத்து வாசித்தான். கணக்கில் இருந்த மொத்தமும் யாரோ ஒருவன் பெயருக்குப் போயிருந்தது. திரையில் மட்டும் பணம் அப்படியே இருப்பதாக அந்தப் பெட்டி பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

"இப்ப நம்புறியா?" என்றான் கிலோ.

மச்சினன் நம்பினான். போனைப் பார்த்தான், மாமாவின் கையைப் பார்த்தான். விரல்கள் கண்ட திசையில் திரும்பியிருந்தன. அவன் முகம் கோணியது. அழப்போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் "திருட்டுப் பொட்டியே!" என்று கத்திக்கொண்டு ஸ்பேனரைக் கம்ப்யூட்டர்மேல் இறக்கினான். மூடி பிளந்தது. இரண்டாவது அடியில் உள்ளிருந்த பலகைகள் நொறுங்கின. கிலோ நாற்காலியோடு எழுந்து மேலே விழுவதற்குள் மூன்றாவது, நான்காவது. டிஸ்க் இரண்டாகப் பிளந்து தரையில் உருண்டது. இருபத்தாறு பேரின் பணத்துக்கு இருந்த ஒரே சாட்சி அது. மணி பன்னிரண்டரை.

பதினாறு வருஷமாக ஓர் அதட்டல்கூடப் போட்டறியாத கிலோ, மச்சினன் கையிலிருந்த ஸ்பேனரை இடது கையால் பிடுங்கினான். பிடுங்கி அவன் இடது முழங்காலில் அடித்தான். விழுந்தவனை மறுபடி அதே முழங்காலில் அடித்தான். கிளட்ச் மிதிக்கிற கால். எங்கே அடிக்கிறோம் என்று தெரிந்தே அடித்தான். அதை நான் மறைக்கப்போவதில்லை.

"அடி மாமா" என்றான் கீழே கிடந்தவன். "இன்னும் அடி."

கிலோ அடித்தான். நாலு பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

பாங்க்கின் ஆள் சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். தோளில் பை, கழுத்தில் அட்டை. உடைந்த கண்ணாடியில் கால் படாமல் வாசலில் நின்றுகொண்டு, "மெஷினை யாரும் தொடலையே?" என்றார். பிறகு தரையைப் பார்த்தார். "ஐயோ, இதை யார் உடைச்சது? இது போனா ஒருத்தருக்கும் பணம் வராதே!"

அவருக்குப் பின்னால் நின்ற கூட்டத்துக்கு அது நன்றாகக் கேட்டது.

"நான்தான் சார்" என்று தரையிலிருந்து மச்சினன் சொன்னான்.

கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. ஒருவன் கையில் ஜாக்கி ராடு, ஒருவன் கையில் செங்கல். கிலோவுக்கு அப்போதுதான் மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. பணத்தைப் போக்கியதை அவளிடம் எப்படியாவது சொல்லிவிடலாம். அவள் தம்பியைச் சாகவிட்டதைச் சொல்ல முடியாது. ஸ்பேனரை விட்டெறிந்துவிட்டு அவன் மச்சினன்மேல் குப்புற விழுந்து, உடைந்த கையை அவன் தலைக்குமேல் வைத்து மூடிக்கொண்டான்.

"எந்திரி மாமா, கொன்னுடுவாங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"வாயை மூடுடா" என்றான் கிலோ. முதல் அடி அவன் முதுகில் விழுந்தது.