பறவை பார்க்கப் போய்ப் பெண்டாட்டியைப் பிடித்தவன்

இது நடந்த கதை, சத்தியம். மழையை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன். சரி, மாரியப்பனின் புலம்பலையும் கூட்டுவேன். மீதி அப்படியே. திருவாமாத்தூரில் அவன் மகளுக்குக் காது குத்திய அன்று, பந்தியில் இருந்தவர்களுக்கு நான் சொன்னது.

மாரியப்பன் திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியில் ஒரு தெருவையே ஏற்றிவிட்டு, "இன்னும் ஒரு ஆளு ஒக்காரலாம்" என்பான். மூன்று வருடத்துக்கு முன், கார்த்திகையில், மனைவி செண்பகம் விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, வேகவைத்து ஸ்டாண்டுக்கே விருந்து போட்டான். அவள் ஏரிக்கரை ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் பொங்கிய சோற்றை நாய்க்கு வைத்தால், நாய் இவனைப் பாவமாகப் பார்த்தது. "அவ வந்தாதாண்டா நான் மனுசன்" என்று புலம்புவான். போய்க் கூப்பிடலாம் என்றால் மாமியார் வாய்க்குப் பயம்.

மார்கழியில் விழுப்புரத்திலிருந்து பிரபாவதி டீச்சர், பறவை பார்க்கும் கூட்டத்தோடு வந்து, அதே ஏரிக்கு அவன் வண்டியைப் பேசினார். நானும் தொற்றிக்கொண்டேன். புயல் மழை. தவளையே குடை கேட்டது. பைனாகுலரில் ஆவி படிந்து, ஒருவர் வெகுநேரம் நாரை என்று ரசித்தது ஒரு உரச்சாக்கு.

திடீரென்று டீச்சர் வேலிக்காத்தான் புதரைக் காட்டிக் கிசுகிசுத்தார்.

"செண்பகம்! யாரும் பேசாதீங்க."

மாரியப்பன் எட்டிப் பார்த்தான். "எங்கங்க டீச்சர்?"

"புதர்ல. கறுத்த ஒடம்பு. கண்ணு எப்படி செவந்திருக்கு பாருங்க!"

"கோவம் இன்னும் போவலீங்க."

"கிட்டப் போனா ஓடிடும்."

"ஓடாதுங்க. எங்கூட குடும்பம் நடத்துனதுங்க."

நாம் செம்போத்து என்போமே, அந்தப் பறவைக்குப் புத்தகத்தில் செண்பகம் என்று பேராம். இவனுக்கு எங்கே தெரியும்? முழங்கால் சேற்றில் இறங்கிப் புதரைப் பார்த்துக் கைகூப்பினான். "செண்பகம், வெத மல்லாட்டயத் துன்னது தப்புதாம்மா. வூட்டுக்கு வந்துடு!"

செம்போத்து பறந்தது. புதருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த நிஜச் செண்பகம் எழுந்தாள்.

"இந்த மழையில என்னத் தேடிக்கினா வந்த?"

அவன் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். திரும்பும்போது செண்பகம் வண்டியில், புல்லுக்கட்டு டீச்சர் மடியில்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், சாம்பார் வாளியோடு செண்பகம் நிற்கிறாள்.

"அப்போ நீ என்னக் கூப்புட வரல. சவாரிக்கு வந்திருக்க!"

"வந்தது சவாரிக்குத்தான். மன்னிப்பு உன்னாண்டதான் கேட்டேன்" என்றான் மாரியப்பன்.

"பறவையாண்ட கேட்டுட்டு!"

"பேரச் சொல்லித்தான கேட்டாரு அண்ணி? செல்லும்" என்றான் அவன் தம்பி மணிமாறன், வாயில் வடையோடு.

"எப்பிடிடா செல்லும்?" மாமியார் வெள்ளையம்மாள் அப்பளக் கூடையை இறக்கி வைத்தாள். "எம் பொண்ணு மொகத்தப் பாத்து இப்பக் கேக்கச் சொல்லு!"

"கேட்டாச்சு, ரெண்டாவது வாட்டி எதுக்கு?" என்றான் மணிமாறன்.

"ஏய், நீ யாருடா நாட்டாமை?"

பந்தி இரண்டாகப் பிரிந்தது. பாயசம் வரட்டும், அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.