டொலீடோவுக்குக் கிடைத்த ஞாயிறு இரவு

நியூயார்க்கில், அமெரிக்கக் கால்பந்து லீகின் தலைமை அலுவலகத்தில் மார்லீன் டிரெக்ஸ்லருக்கு அது இருபத்தோராவது பருவம். சேர்ந்தபோது தொலைபேசி எடுக்கும் வேலை. எந்த அரங்கில் எந்த வாரம் பாட்டுக் கச்சேரி, எந்த அணி மூன்று வாரமாக வெளியூரிலேயே கிடக்கிறது என்று கேட்டால் தாளைப் பார்க்காமல் சொல்வாள். அதனாலேயே அவளை அட்டவணைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மே மாதம் போட்ட அட்டவணை அந்த டிசம்பரில் பல்லிளித்தது. கடைசிக்கு முந்தைய வாரம், ஞாயிறு இரவு, நாடே தொலைக்காட்சி முன் உட்காரும் நேரத்துக்கு இரண்டு பெருநகர அணிகளைப் போட்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து வென்றது ஐந்தே ஆட்டம். வேறு ஆட்டத்தைக் கொண்டுவரலாம். ஆனால் பன்னிரண்டு நாள் முன்பே அறிவிக்க வேண்டும். அன்று செவ்வாய், அதுதான் கெடு.

"டொலீடோ, ஒமாஹா ஆட்டத்தை ராத்திரிக்கு மாத்துங்க," என்றாள் மார்லீன்.

தொலைக்காட்சி நிறுவனத்தின் ஆள் ப்ரென்ட் ஹாலிஸ் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா தாயே! அந்தச் சின்ன ஊரு டொலீடோவை யாரு பாப்பாங்க?"

"இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு டீமும் ஜெயிச்சுட்டா, அடுத்த வாரம் அவங்க மோதும்போது ஜெயிக்கிறவன் நாக்-அவுட்டுக்கு, தோக்கிறவன் வீட்டுக்கு. பாக்காம எங்க போவாங்க?"

"ஒருத்தன் தோத்துட்டா?"

"என் நாற்காலியில வேற ஆளை உக்கார வைங்க."

பிரிவுத் தலைவர் வெண்டல் ஓக்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "மதியம் ஒரு மணின்னு நெனச்சு டிக்கெட் வாங்கியிருக்காங்க, மார்லீன். ராத்திரி அந்தக் குளிர்ல வருவாங்களா?"

"ஆட்டம் டொலீடோவுலதானே, அந்த அரங்கத்து மேனேஜரம்மாகிட்ட காலையிலேயே பேசிட்டேன். 'எங்க ஊருக்கு ராத்திரி ஆட்டம் வந்து பதினாலு வருஷமாச்சு. பனியை நாங்க கையாலயே அள்ளிக்கிறோம், நீ ஆட்டத்தை அனுப்பு'ன்னாங்க."

ஓக்ஸ் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிறு மதியம் ஒமாஹா சுலபமாக வென்றது. டொலீடோ பதினோரு புள்ளி பின்தங்கியது. வீட்டில் டிவி முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்த மார்லீன் ஒரே சட்டையை நான்கு முறை மடித்தாள். மெல்ல மெல்ல வித்தியாசம் ஒரே புள்ளியாகக் குறைந்தது. ஆட்டம் முடிய மூன்று விநாடி இருக்கையில், டொலீடோ வீரன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே புகுந்து மூன்று புள்ளி தந்தது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி! அலறல் கேட்டு ஓடிவந்த கணவர் பார்த்தபோது, அவள் துணிக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு இரவு கொட்டும் பனியில் டொலீடோ அரங்கத்தில் ஓர் இருக்கை காலியில்லை. சமனில் முடிந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஒருவரும் எழுந்து போகவில்லை. டொலீடோ வென்றதும் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது.

செவ்வாய்க் காலை ப்ரென்ட் அழைத்தார். "மூணு கோடியே பத்து லட்சம் பேர் பாத்திருக்காங்க. இந்த சீசன்லயே இதுதான் உச்சம். நான் சிரிச்சதை மறந்துடுங்க."

"அதெப்படி மறப்பேன்? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேன்!"

சற்று நேரத்தில் ஓக்ஸ் அவள் அறைக்கே வந்தார். "அடுத்த சீசன்லேருந்து டிசம்பர் ராத்திரி ஆட்டமெல்லாம் உன் பொறுப்பு. நீ சொல்றதுதான் முடிவு."

மார்லீன் நன்றி என்று மட்டும் சொன்னாள். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கணவருக்குப் போன் போட்டு, மூச்சுவிடாமல் பத்து நிமிஷம் பேசினாள்.