கணித ஆசிரியர் வெற்றிடம்

வவுணதீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கணித ஆசிரியரைத் தெரிவுசெய்யும் நேர்முகப் பரீட்சை அது. கேள்வி கேட்கும் இடத்தில் நான் இருந்தேன். வந்தவள் அதே ஊர்க்காரி, கலைப்பட்டதாரி. பத்தாம் தரத்துச் சமன்பாடு ஒன்றைக் கரும்பலகையில் தீர்க்கச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே பிழைவிட்டாள்.

எனக்குச் சினம் ஏறியது. “இதுவே தெரியாம எப்படிப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பீங்க? உங்களுக்கு ஆர் கணக்குப் படிப்பிச்சது?”

“ஒருத்தரும் இல்ல சேர்,” என்றாள். “எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்த கணக்கு டீச்சர்மார் எல்லாரும் கொஞ்ச நாளையில டவுனுக்கு மாற்றம் எடுத்துப் போயிட்டாங்க. நான் ஒரு மாதிரிப் பாஸ் பண்ணினதே பெரிய காரியம். இப்பவும் அங்க பாடம் நடக்கிறல்ல. நான் எண்டா விட்டுட்டுப் போகமாட்டன் சேர்.”

பிழையாகக் கணக்குப் படிக்கப்போகும் பிள்ளைகளை நினைத்தேன். தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். செய்தது சரி என்றே இன்றும் சொல்கிறேன். சொல்லும்போது குரல்தான் எழும்புவதில்லை.

அவள் கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டு, “வாறன் சேர்,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னேன்.

வெளியே ஒருவரும் இருக்கவில்லை.