பெட்டிக்கு இரண்டு டயர்

காலை ஆறு பத்து. தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் முதலில் கண்ணில் பட்டது, டிராக்டருக்குப் பின்னால் கோத்த பெட்டி இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றதுதான். இடது டயர் வெடித்து, கிழிந்த ரப்பர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் இருந்த விறகில் பாதி மண்ணில் கிடந்தது. டிராக்டர் டிரைவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட டயரைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்கள். அடி ஏதும் பட்டதா, தேத்தண்ணி கொண்டுவரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நான் அதே தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிளாக்கர். சாமான் அறைச் சாவி என்னிடம் இருந்தது. எங்கள் மாமனார் மேல்கணக்கில், அதாவது மலையின் மேல்பிரிவில், கங்காணி, தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. சின்ன மருமகனை அவர் "மாப்ள" என்று கூப்பிடுவார். என்னைக் "கிளாக்கரு" என்பார். உத்தியோகத்துக்குக் கொடுக்கிற மரியாதை என்று என் மனைவி சொல்வாள். கல்யாணமான முதல் வருஷம் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவளே தங்கை புருஷனுக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது சீனியை அளவு கேட்காமல் போடுவாள். என்னிடம் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் விறகும் தேயிலைப் பெட்டிகளும் சுமக்கிற அந்த டிராக்டர் பெட்டியில்தான் சப்பரம் கட்டி அம்மனை ஊர்வலம் கொண்டுபோவோம். மேல்கணக்கிலிருந்து கீழ்கணக்கு வரை ஒரே இறக்கம். நடுவில் கொண்டை ஊசி போல ஒரு வளைவு. ஊர்வலம் கோயிலுக்குத் திரும்பியதும் தலைவர் குடும்பத்து ஆண் ஒருவருக்குப் பூசாரி பரிவட்டம் கட்டுவார். அதுவரை மாமாவே கட்டிக்கொண்டார். அந்த வருஷம், தனக்கு வயதாகிவிட்டது, மருமகனுக்குக் கட்டலாம் என்று கோயில் கூட்டத்தில் சொல்லியிருந்தார். எந்த மருமகன் என்று சொல்லவில்லை.

"மூத்த மருமகன் நிக்க வேண்டிய எடத்துல எளையவரு நின்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்கு வாரது?" என்றாள் என் மனைவி. அவள் கோபம் தங்கை மேலா என் மேலா என்று தெரியவில்லை.

டயர் வெடித்தது மாமாவைத்தான் அதிகம் கலக்கியது. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் ஊர்வலத்தின் நடுவே பெட்டி டயர் வெடித்து, அம்மனை இறக்கி ரோட்டோரம் பாய் விரித்து வைக்கவேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் காரணம் சொன்னார்கள். அந்தக் கோயில் தலைவர் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். தோட்ட நிர்வாகியான பெரிய தொரை பெட்டிக்கு இரண்டு புது டயர் வாங்கச் சம்மதித்து, என்னையும் டிரைவரையும் ஹட்டனுக்குப் போகச் சொன்னார். மாமாவும் கூட வந்தார்.

கடையில் மூன்று வகை டயர் இருந்தன. பழைய டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டியது ஒன்று. டிராக்டரின் பின் சக்கரம் போல ஆழமான கட்டைகள் வைத்தது ஒன்று. மூன்றாவது, நேர்கோடாகப் பள்ளம் வைத்த, பக்கவாட்டுத் தடித்த லொறி டயர், பார்வைக்கு ஒன்றுமில்லை. சகலை நேராகப் போய்க் கட்டை வைத்த டயரைத் தட்டினார். பக்கத்துத் தோட்டத்தார் இப்போது அதைத்தான் போட்டிருக்கிறார்கள் என்றார். மாமா அதைத் தடவிப் பார்த்து, சிங்கம் மாதிரி இருக்கிறது என்றார்.

நான் குறுக்கிட்டேன். இழுப்பது டிராக்டர், மண்ணைப் பிடித்துத் தள்ளவேண்டிய சக்கரம் அதனுடையது. பெட்டி சும்மா பின்னால் உருள்கிறது. அதற்குக் கட்டை எதற்கு? தார் ரோட்டில் அது சீக்கிரம் தேயும். வளைவில் பாரம் முழுவதும் ஒரு பக்கம் சாயும்போது தாங்கவேண்டியது டயரின் பக்கச் சுவர்தான். வெடித்த டயரும் பக்கத்தில்தான் கிழிந்திருந்தது. மறுரப்பர் போட்டதை வளைவுள்ள ரோட்டுக்கு நினைக்கவே வேண்டாம் என்றேன்.

சகலை வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். பதிலையும் யோசித்து வைத்திருந்தேன்.

"அண்ணே சொன்னா சரிதாங்க" என்று சிரித்துவிட்டு, கடைப் பையனிடம் பீடிக்கு நெருப்புக் கேட்கப் போய்விட்டார்.

கடை முதலாளி எடுத்துக் கொடுத்த இரண்டில் ஒன்று அதுவரை கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் நின்றிருந்தது. பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தன. உள்ளே இருட்டில் அடுக்கி வைத்திருப்பதிலிருந்து ஒன்று வேண்டும் என்றேன். முதலாளி முகத்தைச் சுளித்தார். இரண்டும் ஒரே அளவா என்று நூல் பிடித்துப் பார்த்தபோது மாமா வாசலில் நின்று கொட்டாவி விட்டார்.

டயர்களைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகவேண்டும். ஆள் பிடிக்கலாம் என்றேன். அதற்குள் சகலை ஒரு கைக்கு ஒரு டயராக உருட்டிக்கொண்டு, ஹட்டன் பெரிய கடைத்தெருவின் இறக்கத்தில் விசிலடித்தபடி போய்க்கொண்டிருந்தார். ஜனம் விலகி வழிவிட்டது. புடவைக் கடையிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மாப்ள கையப் பாருங்க கிளாக்கரு. ரெண்டு டயரும் நாய்க்குட்டி மாதிரி கூடவே ஓடுது" என்றார் மாமா.

பஸ்ஸின் கூரைமேல் ஏறிக் கட்டியதும் அவர்தான். கீழே மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிப்பட்ட டயரைத் தேடிப் பிடித்தார் மாப்பிள்ளை என்று முன் இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் வழியாகக் கொழுந்து மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று திருத்திச் சொல்லியிருந்தால் அற்பமாகத் தெரிந்திருக்கும்.

திருவிழா அன்று டிராக்டரைக் கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டிருந்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெட்டிச் சக்கரங்களுக்கு வைக்கவில்லை. நான் பூசாரியின் தட்டிலிருந்து இன்னும் இரண்டு எடுத்து, குனிந்து வைத்தேன்.

"கிளாக்கரய்யா பொட்டிக்கும் கண்ணு பட்டுரும்னு பாக்குறாரு" என்றான் தவில்காரன். சிரிப்பு எழுந்தது. சகலையும் டிராக்டர் மேலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை, மாமா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது.

வளைவில் நான் பெட்டியின் இடப்பக்கமாக நடந்தேன். சப்பரம் வெளிப்பக்கம் சாய்ந்தது. இடது டயர் கொஞ்சம் அமுங்கி, பிறகு நிமிர்ந்தது. அவ்வளவுதான். மேளம் நிற்கவில்லை, அம்மனின் மாலைகூட நழுவவில்லை. நடக்காமல் போன ஒன்று செய்தி ஆகாது என்று பிற்காலத்தில் நான் சேர்ந்த பத்திரிகை வேலையில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது புதிதாக இல்லை. கீழ்கணக்கில் பெண்கள் டிரைவருக்குத்தான் திருஷ்டி சுற்றினார்கள்.

கோயிலுக்குத் திரும்பியபோது வாசல் ஏற்றத்தில் டிராக்டரை நிறுத்தவேண்டியதாயிற்று. கூட்டம் முன்னும் பின்னும் நெருங்கி நின்றது. பூசாரி பரிவட்டத்தோடு வெளியே வந்தார். மாமா நேராக டிராக்டரைப் பார்த்து, "மாப்ள, எறங்கி வாங்க" என்றார்.

சகலை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. "எறங்குனா பொட்டி பின்னால உருண்டுரும் மாமா. சாமி மேல இருக்கு."

கல் அணை கொடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சாமி இறங்கும்வரை தான் இறங்கமாட்டேன் என்றார் சகலை. பூசாரி நேரம் போகிறது என்றார். மாமா சுற்றிப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் என் மனைவி நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்த்தாள்.

"சரி, கிளாக்கரு, நீங்க வாங்க" என்றார் மாமா.

பூசாரி என் தலையில் கட்டினார். பட்டுத்துணி ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. நிமிர்ந்தபோது சகலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்காமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதை வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, பரிவட்டத் துணியைச் சின்ன மருமகன் வீட்டில் கொடுத்துவிடச் சொன்னார். மனைவி அதை மடித்து என் கையில் வைத்தாள். நான் போனபோது சகலை வீட்டில் இல்லை. பெட்டியில் விறகு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்.