நெல் அண்டாவில் வெந்த படகுச் சட்டம்

இன்று எங்கள் வாசலில் ஒரு பாய்மரப் படகு நின்றது!

ஆவடி பட்டாளத்து வெள்ளைக்காரத் துரை, பருத்திப்பட்டு ஏரியில் ஓட்டுகிற படகு. அதன் விளிம்பைச் சுற்றியிருந்த மரச்சட்டம் இற்றுப்போனதால், மாட்டுவண்டி செய்கிற என் வீட்டுக்காரரிடம் மாற்றக் கொடுத்திருந்தார்.

நேரான பக்கமெல்லாம் சுலபமாக முடிந்தது. மூக்குப் பக்கம் வளைக்கும்போதுதான் புதுச்சட்டம் படீரென்று ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. ஜப்பான்காரன் சண்டை வந்ததிலிருந்து பர்மா தேக்கு வருவதும் இல்லை.

வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாய்யா, அத்த இங்க கொண்டா. ஆவில வெச்சிப் பாக்கலாம்" என்றேன்.

"இது இன்னா புட்டா மே, ஆவில வேவறதுக்கு? சும்மா கெட."

"நீ வளைச்சாலும் ஒடியத்தான போவுது?"

மிச்சமிருந்த சட்டத்தைக் கொடுத்துவிட்டார்.

சட்டத்தின் முனையை அண்டாவின் வாயில் நீட்டி, ஈரச் சாக்கால் மூடினேன். நன்றாக ஆவி ஏறியதும், இருவரும் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு படகுக்கு ஓடினோம். சூட்டோடு அழுத்தினால், வாழைமட்டை மாதிரி வளைந்து ஒட்டிக்கொண்டது. ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியேவிட்டேன்.

சாயங்காலம் துரை வந்து அந்த வளைவைத் தடவித் தடவிப் பார்த்தார். "எப்படிச் செய்தாய்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"ரெண்டு பேரும் சேந்து யோசிச்சோம், தொரை" என்றார் இவர், மீசையை முறுக்கிக்கொண்டு.

ரெண்டு பேருமாம்! உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?