மழை பார்த்துப் பாக்கி

பெருங்கடவிளை மோகனனுக்கு மாட்டுத் தரகர் ரெத்தினதாஸ் இருபது ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய கிட்டார் ஒன்று வாங்கின வகையில் பாக்கி.

இருபது ரூபாய் அவருக்கு ஒரு காசா? ஒரு சந்தை நாளில் ஐந்நூறும் அறுநூறும் அவர் கை வழியாகப் போய்வரும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு ஒரு பயல் அவர் வாசலில் வந்து நின்றது கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் மழைக்காலம் முழுக்க அந்த இருபது ரூபாயை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று நின்றார் என்றால், அதில் காரியம் உண்டு.

ரெத்தினதாஸ் இரண்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஊரான் மாட்டைச் செருப்பில்லாத காலோடு பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் ஓட்டிக் கூலி வாங்கினவர். பிறகு சொந்தமாகத் தரகு. பனச்சமூடு சந்தியிலிருந்து கிழக்கே கூப்பிடு தூரத்தில் ஓட்டு வீடு, மரச்சீனிக் கிழங்கு போட்ட விளை நிலம், நல்லமிளகுக் கொடி எல்லாம் அந்தக் காலால் நடந்து சம்பாதித்தவை. ஒருத்தனும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவரை ஏமாற்றினவன் அந்தச் சுற்று வட்டத்தில் இல்லை. மாட்டைக் கறக்காமல் நிறுத்தி மடி பெருக்கிக் கொண்டுவருவான் ஒருத்தன். கொம்பைச் சீவி எண்ணெய் தடவி வயசைக் குறைப்பான் இன்னொருத்தன். நொண்டிக் கால் தெரியாமல் சேற்றில் நடத்திக் கூட்டி வருவான் வேறொருத்தன். ரெத்தினதாஸ் தூரத்தில் நின்று பார்த்தே சிரிப்பார். வாங்கின மாடு நொண்டுகிறது என்று வழக்கு வந்தால் சந்தையில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காலைத் தூக்கிக் காயத்தைப் பார்ப்பார். காயம் பழசு என்றால் நஷ்டம் விற்றவன் தலையில். புதுசு என்றால் வாங்கினவன் தலையில். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தப் பேர்தான் அவருக்குச் சொத்து. ஓட்டு வீடும் விளையும் அதற்குப் பிறகுதான்.

அது எல்லைத் தகராறு நடந்த காலம். எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. சந்தியில் நின்று தமிழ் பேசினால் ஒருத்தன் திரும்பிப் பார்ப்பான், மலையாளம் பேசினால் இன்னொருத்தன் திரும்பிப் பார்ப்பான். ரெண்டையும் ஒரே வாயால் பேசி வளர்ந்த ஜனம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் உளவு பார்த்துக்கொண்டு நடந்தது.

அந்த நேரத்தில்தான் மகள் ஓமனக்குட்டி கிட்டார் கேட்டாள். மிஷன் போர்டிங்கில் படிக்கும்போது மிஸ்ஸியம்மா ஒருத்தி அவளுக்கு வாசிக்கப் பழக்கியிருந்தாள். மிஸ்ஸியம்மா சீமைக்குத் திரும்பினபோது தன் வாத்தியத்தையும் கொண்டுபோய்விட்டாள். இப்போது மிஷன் பெண்பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை காலி. சொந்த வாத்தியத்தோடு வந்தால் வேலை உண்டு என்றார்கள்.

"எவ்வளவு மக்கா?"

"புதுசு வாங்கினா நம்ம ரெண்டு கறவையை விக்கணும். பெருங்கடவிளையில மோகனன்னு ஒருத்தர்கிட்ட பழசு இருக்காம். பட்டாளத்தில இருந்து வந்தவரு. பெங்களூர்ல வாங்கினதாம்."

"பட்டாளத்தில இருந்து வந்தவன் எதுக்கு விக்கியான்?"

"காசில்லாமத்தான்."

"இல்ல மக்கா. நல்ல மாட்டை ஒருத்தனும் விக்கமாட்டான்."

மறுநாளே ரெண்டு பேரும் போனார்கள். மோகனன் மெலிந்த ஆள், பட்டாளக் காக்கி நிக்கர் போட்டிருந்தான். பெட்டியைத் திறந்து கிட்டாரை வெளியே எடுத்தான். ரெத்தினதாஸ் அதைக் கையில் வாங்காமல் முதலில் சுற்றி வந்தார். விரல் முட்டியால் வயிற்றில் தட்டிக் கேட்டார். ஓட்டையில் மூக்கை வைத்து மோந்தார். கழுத்தை நீவி, நுகத் தழும்பு தேடுகிற மாதிரி பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனார். கம்பியைத் தொட்டதும் நின்றுவிட்டார். கம்பி தொளதொளவென்று கிடந்தது.

"இது ஏன் தளந்து கெடக்கு?"

"நான் தளத்தினதாக்கும் அண்ணாச்சி. வாசிக்காத நேரம் தளத்தி வைக்கணும். பழைய வாத்தியமில்லியா, மழைக்காலம் பசை இளகும்."

"மிஸ்ஸியம்மாவும் அப்படித்தான் வைப்பாங்க அப்பா" என்றாள் ஓமனக்குட்டி.

"அவ வெள்ளைக்காரி. ஏமாந்தாலும் சோறு உண்டு அவளுக்கு."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டாயிற்று. மாட்டில் மடியைப் பெருக்கிக் காட்டுவான். இவன் சுமையை இறக்கிவிட்டுக் காட்டுகிறான். சுமை ஏற்றினால் இது படுத்துவிடும். அதை மறைக்கத்தான் தளர்த்தியிருக்கிறான்.

விலை பேச, தோளில் கிடந்த துண்டை எடுத்து மோகனன் கை மேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். மாட்டுச் சந்தை வழக்கம் அது. எத்தனை விரல் பிடிக்கிறோமோ அது விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

மோகனன் கூச்சத்தில் நெளிந்தான். "அண்ணாச்சி, இக்கிளி ஆவுது. வாயால சொன்னாப் போராதா?"

"வாயால சொன்னா ஊரு கேக்கும்."

"இங்க ஆரு இருக்கா? ஒரு கோழியல்லியா நிக்குது!"

கடைசியில் ஐம்பத்தைந்துக்கு முடிந்தது. முப்பத்தைந்தை ரெத்தினதாஸ் அங்கேயே கொடுத்தார். மிச்சத்துக்கு ஒரு நிபந்தனை சொன்னார். கறவை மாடு வாங்கினால் வீட்டில் கட்டிக் கறந்து பார்த்துத்தானே பாக்கி கொடுப்பது? இதுவும் அப்படித்தான். முழு முறுக்கு முறுக்கி, மழைக்காலம் முழுக்க அப்படியே வைப்பார். தாங்கினால் இருபது ரூபாய்.

"அது பாவமாக்கும் அண்ணாச்சி" என்றான் மோகனன்.

"பயம் உண்டோ?"

மோகனன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தான். வீட்டில் அரிசி இல்லை என்று அவன் அடுப்படியே சொன்னது. சரி என்று தலையாட்டினான்.

திரும்புகிற வழியில் சந்தியில் ஒரு போலீஸ்காரன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே பார்த்தான், ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினான், ஒன்றும் அகப்படாத கோபத்தில் போகச் சொன்னான். ரெத்தினதாஸுக்கு அவன்மேல் மரியாதை வந்தது. தொழில் தெரிந்தவன்.

கிட்டாரில் ஒரு குறை இருந்தது. கம்பிகள் கழுத்தைவிட்டு ரொம்ப உயரத்தில் நின்றன. அழுத்தினால் ஓமனக்குட்டியின் விரல் கன்றியது. கம்பியைத் தாங்கும் மரக்கட்டையைக் குதிரை என்பார்கள். அதன் மேல் பதித்திருந்த எலும்புச் சில்லும் விண்டிருந்தது. வண்டி நுகம் செய்கிற சிவதாணு ஆசாரியை வரவழைத்தார்கள்.

"எலும்பு வேணுமே தரகரே. நல்ல கெட்டி எலும்பு."

"எலும்புக்கா பஞ்சம்? காளைக்க முன்னங்கால் எலும்பு தாறேன்."

ஆசாரி முகத்தைச் சுளித்தார். "அதை நான் தொட்டு அராவணுமோ?"

"எனக்க மாட்டுத் தோல்ல தச்ச செருப்பைப் போட்டுட்டுத்தானே ஓய் நடக்கீரு?"

ஆசாரி சிரித்துவிட்டார். எலும்பைச் சில்லாக அறுத்து, அராவி, வைத்துப் பார்த்து, மறுபடி அராவினார். ஓமனக்குட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக மீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இன்னும் கொஞ்சம். அடிக் கம்பி கரகரக்குது, அந்தப் பக்கம் அராவாதீங்க." கடைசியில் விரல் நோகாமல் சுரம் வந்தது. பக்கத்து விளையில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கேட்டீரா? எனக்க காளைக்க காலில நிக்குது அது" என்றார் ரெத்தினதாஸ்.

அதோடு முழு முறுக்கு முறுக்கிச் சுவரில் மாட்டினார். மகள் வாசித்து முடித்துத் தளர்த்தப் போனால், "தொடாத மக்கா, சோதனையில இருக்கு" என்பார். போகும்போதும் வரும்போதும் கம்பியைச் சுண்டிப் பார்ப்பார்.

வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்தது. துணி காயவில்லை, சுவரில் பூஞ்சை ஏறியது. ஒருநாள் மத்தியானம் ஓட்டுமேல் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், குதிரை கிட்டாரின் பலகையை விட்டுப் பெயர்ந்து, கம்பிகளோடு குடல் சரிந்த மாதிரி தொங்குகிறது.

ஓமனக்குட்டி அழுதாள். ரெத்தினதாஸுக்கோ, சொன்னது பலித்த சந்தோஷம். "பாத்தியா மக்கா! நான் மோந்தே கண்டுபிடிச்சேன். முன்னமே பெயந்ததைக் கள்ளப்பய ஒட்டித் தந்திருக்கான்."

மழை ஓய்ந்த பிறகு ஒரு சந்தையில் மோகனன் பாக்கி கேட்டு வந்தான். ரெத்தினதாஸ் பிடித்துக்கொண்டார்.

"சுகமில்லாத மாட்டை எனக்க தலையில கெட்டப் பாத்தியாலே? முப்பத்தஞ்சை வச்சிட்டு பெட்டியைக் கொண்டுபோ!"

"எனிக்கு கேடில்லாத்த பெட்டியாக்கும் தந்தது. முப்பத்தஞ்சுக்கு எங்க போவேன்? தின்னு தீந்தாச்சு."

கூட்டம் கூடியது. "தமிழனை ஏமாத்திட்டானா?" என்றான் ஒருத்தன். "மலையாளிக்க காசைத் தரமாட்டானா?" என்றான் மற்றவன். ஒருத்தன் குனிந்து கல் தேடினான்.

ரெத்தினதாஸ் திரும்பினார். "எலே, நான் மாடு பேசுதேன், நீங்க ராஜ்யம் பேசுதீங்க. போங்கலே அங்கோட்டு!"

கூட்டம் கலைந்தது. மோகனன் மட்டும் நின்றான். "நாளைக்கு எல்லைக்கோடு போட்டா நீங்க அந்தப் பக்கம். அதுக்காக்கும் நாள் கடத்தியது. எனிக்குத் தெரியும்."

ரெத்தினதாஸுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

உடைந்த கிட்டாரை ஒருத்தரையும் தொடவிடவில்லை. அது சாட்சி. நாலு பெரிய மனுஷர் கூடுகிற அன்று காட்ட வேண்டும். பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். ஐப்பசி பிறந்துவிட்டது. பள்ளியிலிருந்து ஆள் வந்து, கிறிஸ்துமஸ் பாட்டுக்கு முன்னால் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று சொல்லிப் போனார்.

ஓமனக்குட்டி அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "ஒங்க சாட்சிக்கு மாசச் சம்பளம் உண்டா அப்பா? எனக்குத் தருவாங்க."

அவர் சாவியை அவிழ்த்தார்.

சிவதாணு ஆசாரி பசை காய்ச்சிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார். "இரும்" என்றார் ரெத்தினதாஸ். "ஒட்டுறதுக்கு முன்ன பழைய காயத்தை நீரு பாத்துக்கிடணும். நாளைக்குச் சொல்ல ஆள் வேணும்."

பெயர்ந்த குதிரையைத் தானே வெயிலில் தூக்கிப் பிடித்தார். முன்னமே பெயர்ந்து ஒட்டினது என்றால் உள்ளே அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும். பழைய பசைமேல் புதுப் பசை திட்டுத்திட்டாக நிற்கும். புண்ணுக்குமேல் புண் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டாம். திருப்பிப் பார்த்தார். கிட்டாரின் முகத்தையும் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

கறுப்பு இல்லை. பசை ஒரே பசை. அது பிடித்த இடத்தில் பலகை நார் நாராகக் கிழிந்து வந்திருந்தது, அப்போது உரித்த மரச்சீனி மாதிரி வெளுத்து.

கையிலிருந்த குதிரையை ஆசாரி முன்னால் வைத்தார்.

"என்ன தரகரே, பழசா புதுசா?" என்று கேட்டார் ஆசாரி, முகத்தைப் பார்க்காமல்.

"நீரு ஒட்டும் ஓய்."

குதிரை ஒட்டிக் காய்ந்து, கம்பி ஏறியது. அன்றைக்கு ராத்திரி மகள் வாசித்து முடித்துக் கம்பிகளைத் தளர்த்தினாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. இருபது ரூபாயை மடியிலிருந்து எடுக்கவும் இல்லை. காயத்துக்குத் தீர்ப்புச் சொல்லுகிற வாய், சொந்தத் தொழுவத்தில் விழுந்த மாட்டுக்குத் திறக்கவில்லை.

நவம்பர் பிறந்தது, கோடு விழுந்தது. ரெத்தினதாஸ் வீடும் விளையும் மெட்ராஸ் ராஜ்யம். பெருங்கடவிளை கேரளம். சிலர் வெடி போட்டார்கள், சிலர் கதவை அடைத்துக்கொண்டார்கள். ஓமனக்குட்டி வேலையில் சேர்ந்தாள்.

அந்த வாரம் சந்தையில் சுயம்பு என்கிற தரகன் முதுகில் தட்டினான். "அண்ணாச்சிக்கு யோகம்! மலையாளத்தானுக்க இருபது ரூவா லாபம். இனி அவன் எந்தக் கோர்ட்டில போய்க் கேப்பான்? கோடு போடும் வரைக்கும் இழுத்தடிச்சீருல்லா, அதாக்கும் மூளை!"

சுற்றி நின்றவர்கள் மெச்சிச் சிரித்தார்கள். ரெத்தினதாஸுக்குக் காது சூடேறியது. திருடன் என்று திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். கெட்டிக்காரன் என்கிறார்கள். அவர் ஒரு ஆயுசு நடந்து சம்பாதித்த பேருக்கு அவர்கள் வைத்த விலை அதுதான்.

"கையை எடுலே" என்றார். சந்தையை விட்டு இறங்கி, எல்லைக் கோட்டைத் தாண்டி நடந்தார்.

பெருங்கடவிளையில் மோகனன் பாதிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "முப்பத்தஞ்சு திரும்பக் கேக்க வந்ததாணெங்கில், இங்க ஒண்ணும் இல்ல."

"வெளிய வாலே."

மோகனன் வந்தான். ரெத்தினதாஸ் வியர்வை துடைக்கத் தோள் துண்டை உருவினதும், அவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "துண்டு வேண்டா அண்ணாச்சி! விலை பேசித் தீந்ததாக்கும். இனி கொறைக்கச் சம்மதிக்கமாட்டேன்."

ரெத்தினதாஸ் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "கையை நீட்டு."

"எதுக்கு?"

"மாடு எனக்க தொழுத்தில வச்சாக்கும் விழுந்துது. காயம் புதுசு. பாத்தது நான், வேற ஒருத்தன் பாத்திருந்தா கண்டுபிடிச்சிருக்கமாட்டான். நீட்டுலே!"

மோகனன் கையை மெதுவாக நீட்டினான், ஆனால் மூடியபடி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். ரெத்தினதாஸ் அவன் விரல்களைத் தானே பிரித்தார். மடியை அவிழ்த்து, ஊர் கேட்க எண்ணி எண்ணி வைத்தார். மோகனன் முதல் அஞ்சு ரூபாய் நோட்டை எடுத்து வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"பாரு, பாரு" என்றார் ரெத்தினதாஸ். "ராஜ்யம் ரெண்டானாலும் நோட்டு ஒண்ணுதான். நானா இருந்தாலும் பாத்துத்தான் வாங்குவேன்."

மூன்று அஞ்சு நோட்டு, பிறகு ஒற்றை ரூபாய் நாணயங்கள். பத்தொன்பதில் கொஞ்சம் நிறுத்தி வேலிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். கடைசி ரூபாயைச் சுண்டி, சத்தம் கேட்கவைத்து, விரிந்த அந்தக் கையின் நடுவில் வைத்தார்.

"இருபது."